சபைக்கு ஒரு சிஸ்டர்: சுகாதார ஊழியம் என்ன செய்யும், எதைச் செய்யக் கூடாது

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, "அடுத்த மாதம் முதல் நம் சபையில் சுகாதார ஊழியம் ஆரம்பமாகிறது, ரிட்டயர்டு சிஸ்டர் ஒருவர் பொறுப்பு எடுக்கிறார்" என்று செயலாளர் சொன்னால், வாசலில் செருப்பு மாட்டும்போதே மூன்று விதமான பேச்சு கிளம்பிவிடும். கோயிலிலேயே கிளினிக் திறக்கப்போகிறார்கள் என்பார் ஒருவர். சுகமளிக்கும் கூட்டத்துக்குத்தான் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பார் இன்னொருவர். இனிமேல் பி.பி. மாத்திரைக்கு ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டாம் என்று மூன்றாமவர் நிம்மதி அடைவார்.

மூன்றுமே சரியில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க நர்ஸ் இல்லாத சபையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி இருந்தும் ஒரு நர்ஸ் சபைக்குள் நர்ஸாகவே இருந்து என்ன செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் குழப்பம் அதிகம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

ஊழியம். வெளியே ஊழியர் என்றால் மின்வாரிய ஊழியர், போக்குவரத்து ஊழியர். திருச்சபைத் தமிழில் ஊழியம் என்றால், சம்பளம் உண்டோ இல்லையோ, சபையின் பெயரால் அடுத்தவருக்குச் செய்யும் பணி. ஞாயிறு பள்ளி நடத்துவதும் ஊழியம், சிறைச்சாலைக்குப் போய்ப் பார்ப்பதும் ஊழியம்.

சுகமளிக்கும் ஊழியம், சுகாதார ஊழியம். ஒரே வேரில் பிறந்த இந்த இரண்டு சொற்களால்தான் பாதிக் குழப்பம். முதலாவது, நோயாளிக்காக ஜெபிப்பது, எண்ணெய் பூசுவது, ஆறுதல் சொல்வது. இரண்டாவது, நோய் வராமல் காப்பது, வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, சரியான இடத்துக்கு அனுப்புவது, சிகிச்சை பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது. சபையில் இரண்டும் இருக்கலாம். ஒன்றின் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ள முடியாது.

சிஸ்டர், செவிலி. வேலூரில் சிஸ்டர் என்று கூப்பிட்டால் நர்ஸும் திரும்பிப் பார்ப்பார், கன்னியாஸ்திரியும் திரும்பிப் பார்ப்பார். ஐரோப்பாவில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் மடத்துச் சகோதரிகள் என்பதால் ஒட்டிய பெயர் அது. செவிலி நம் சொல். சங்க அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். அறத்தொடு நிற்கும்போது தலைவியின் மனதில் இருப்பது தோழிக்குத் தெரியும், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் கொண்டுபோவாள். நடுவில் நின்று, சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சேர்ப்பவள் அவள். சபைச் செவிலியரின் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்பது.

## எங்கிருந்து வந்த யோசனை

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் பெபேயாள் என்ற பெண்ணைச் சபையின் ஊழியக்காரி என்று பவுல் அறிமுகப்படுத்துகிறார். பலருக்கு ஆதரவாக இருந்தவர் என்ற குறிப்பும் உண்டு. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் 1836-இல் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற போதகர், சபைப் பெண்களுக்கு நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி தரும் நிலையத்தை ஆரம்பித்தார். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிக்குப் போனது அங்கேதான்.

இன்று பாரிஷ் நர்ஸ், அதாவது சபைச் செவிலியர், என்று உலகம் சொல்லும் வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர், முதலில் டாக்டரும் நர்ஸும் போதகரும் சேர்ந்து உட்காரும் மருத்துவ மையங்களைச் சபைக் கட்டடங்களிலேயே நடத்திப் பார்த்தார். செலவு கட்டுப்படியாகவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. நோயாளியின் மொழியும் டாக்டரின் மொழியும் இரண்டும் தெரிந்தவர் நர்ஸ்தான். அப்படியானால் கிளினிக்கை விட்டுவிட்டு நர்ஸை மட்டும் சபையில் வைத்தால் என்ன? சிகாகோ அருகே பார்க் ரிட்ஜில் உள்ள ஒரு லூத்தரன் மருத்துவமனையின் துணையோடு, 1980-களின் நடுவில் ஆறு சபைகளில் ஆறு நர்ஸ்கள் வேலையைத் தொடங்கினார்கள். அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1998-இல் இதற்கென்று பணி வரையறை வெளியிட்டது. கிறிஸ்தவர் அல்லாத சமயங்களிலும் இந்த வழக்கம் பரவியதால் 2005-இல் பெயரையும் பொதுவாக்கியது.

இந்த ஊழியத்தின் பொதுவான வழக்கம் இது: சபைச் செவிலியர் ஊசி போடுவதில்லை, கட்டுக் கட்டுவதில்லை, மருந்து எழுதித் தருவதில்லை. கையை வைத்துச் செய்யும் சிகிச்சை மருத்துவமனைக்கு உரியது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருக்கும் நீண்ட வெளிதான் இவருடைய இடம்.

## பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும்போது இது எதற்கு

நியாயமான கேள்வி. 1853-இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பூமி இது. ராணிப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு 1866-இலிருந்து வரலாறு உண்டு. அந்தக் குடும்பத்து டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது, 1902-இல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரியாகி, இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் மக்கள் ரயிலேறி வரும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆகியிருக்கிறது. அவர் 1909-இல் ஆரம்பித்த நர்சிங் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. நாட்டிலேயே நர்சிங்கில் பட்டம் தந்த முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

அதே ஐடா ஸ்கடர்தான் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்தவர். பின்னாளில் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 1977-இல் தொடங்கிய ருஷா என்ற சி.எம்.சி. கிராமச் சுகாதாரத் திட்டம், வேலூர் பாகாயத்திலிருந்து இயங்கும் அதன் சமூக சுகாதாரப் பிரிவு எல்லாமே அந்த வழியில் வந்தவை. வேலூரில் படித்த ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டினார்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாசலுக்கும் வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஆள் வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

காரணம் எளிது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, மனநோய் இவையெல்லாம் ஒரு தடவை போய்க் குணமாகித் திரும்புகிற நோய்கள் இல்லை. டாக்டர் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் வீடு. அந்த வீட்டாரை வாரம் தவறாமல் பார்க்கிற இடங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன? சபை அவற்றில் ஒன்று. இரண்டு ஞாயிறு வராத பாட்டியை, "ஏன் ஆளைக் காணோம்" என்று தேடுகிற பழக்கம் சபைக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுகாதார ஊழியம் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கட்டப்படுகிறது.

அரசும் இதே இடைவெளியைப் பார்த்துதான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை தருகிறார். சபைச் செவிலியர் அதற்குப் போட்டியாக வரக் கூடாது. அந்தத் தன்னார்வலரின் பெயரும் போன் நம்பரும் இவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

## உண்மையில் என்னென்ன வேலை

1. பார்த்தல். ஆராதனைக்குப் பிறகு பி.பி. பார்ப்பது, மாதம் ஒருமுறை சுகர் பார்ப்பது. வெளியே தெரிகிற வேலை இது மட்டும்தான். அதனாலேயே இதுதான் முழு வேலை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

2. விளக்குதல். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். ரிவ்யூ தேதி எது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எதை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆள் தேவை.

3. வழிகாட்டுதல். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை. முகம் ஒருபக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 108. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் அதை எங்கே காட்டுவது என்று தெரியாதவர்களுக்கு வழி சொல்வது.

4. ஆட்களைப் பழக்குதல். ஒரு நர்ஸால் முந்நூறு குடும்பத்தைப் பார்க்க முடியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான்கு பேர், வாலிபர் சங்கத்தில் இரண்டு பேர் என்று தெரு வாரியாகப் பிரித்துக்கொண்டால் நடக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள் இதற்கென்றே வாய்த்த அமைப்பு.

5. வீட்டுக்குப் போதல். இதுதான் கனமான வேலை.

வீட்டுக்குப் போனால் என்ன தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டிலில் கொட்டிப் பார்த்தால், ஆரம்ப சுகாதார நிலையம் தந்த அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரைப் பட்டை ஒன்று இருக்கும். தனியார் டாக்டர் எழுதியது கம்பெனிப் பெயரோடு இன்னொரு பட்டை. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே அதே அம்லோடிபின். பாட்டி இரண்டையும் நம்பிக்கையாகப் போட்டுக்கொண்டு, கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார். ஸ்டெதாஸ்கோப் இதைக் கண்டுபிடிக்காது. பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டிலில் உட்கார வேண்டும். அப்போதும் அவர், "இதை நிறுத்துங்க" என்று தானாகச் சொல்வதில்லை. இரண்டு பட்டையையும் ஒரே கவரில் போட்டு, ஒரு தாளில் விவரம் எழுதி, அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்வார். தேவைப்பட்டால் கூடவே போவார்.

## பி.பி. மேஜை: எளிதாகத் தெரிவதில் உள்ள பிழைகள்

ஆராதனை முடிந்து படியிறங்கி, பந்தலில் டீயும் குடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டினால் வருகிற அளவு அவருடைய பி.பி. ஆகாது. சரியாகப் பார்க்கும் முறை இது:

1. டீ, காபி, புகை எதுவும் அதற்கு முன் அரை மணி நேரத்துக்குக் கிடையாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார வேண்டும்.
2. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக.
3. கை மேஜை மேல், நெஞ்சின் உயரத்துக்கு. பி.பி. கருவியின் பட்டை வெறும் கையில் சுற்றப்பட வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே ஒரு கட்டாகிவிடும். அதனால் பெண்களுக்கு ஒரு திரை மறைவு அவசியம்.
4. பார்க்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும்.

வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்குக் குறையாமல் நின்றால் டாக்டரைப் பார்க்கச் சீட்டு. 180-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் நேரே அவசரப் பிரிவு. வரிசையாக உட்கார வைத்து எண்ணை மைக்கில் போலச் சத்தமாகச் சொல்வது கூடவே கூடாது.

சுகர் பார்ப்பதிலும் ஒரு விஷயம். குளுக்கோமீட்டரில் வரும் எண்ணை வைத்து, "உங்களுக்குச் சுகர் இருக்கு" என்று மேஜையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-ஓ அதற்கு மேலோ என்ற கணக்கெல்லாம் ஆய்வகப் பரிசோதனைக்கு உரியது. மேஜையில் கிடைப்பது, ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்பதற்கான குறிப்பு மட்டுமே.

## ஜெபமும் மாத்திரையும்

இந்த ஊழியத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"ஜெபத்துல சுகம் கிடைச்சிருச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்ற சாட்சியைக் கேட்காத தமிழ்ச் சபை குறைவு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. உடம்பு லேசானதாக உண்மையாகவே உணர்ந்திருப்பார். பி.பி. 170 இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் ரத்தக்கொதிப்பின் ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோய் மருந்தை ஆறு மாதம் முடிக்காமல் இரண்டாம் மாதம் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம், வீட்டுக் குழந்தைகளுக்கும் அது போகலாம்.

இதை டாக்டர் சொன்னால், "அவருக்கு விசுவாசம் இல்லை" என்று ஒதுக்கிவிட முடிகிறது. ஆயர் சொன்னால், "ஐயாவுக்கு மருத்துவம் தெரியாது" என்று ஒதுக்கலாம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடி, அதே ஜெபத்துக்கு ஆமென் சொல்லி, முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்த ஒரு சிஸ்டர், "ஜெபத்தையும் விடாதீங்க அக்கா, மாத்திரையையும் விடாதீங்க" என்று சொன்னால் ஒதுக்குவது கஷ்டம். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது அதைக் கேட்டேன் என்று கர்த்தர் சொன்ன அதே கதையில்தான், ஏசாயா தீர்க்கன் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின் மேல் போடச் சொல்கிறார். இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. இந்த ஊழியத்துக்கு இதைவிட நல்ல வேத ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

மனநோய் விஷயத்தில் தாமதம் இன்னும் அதிகம். காதில் குரல் கேட்கிறது என்கிற பிள்ளையை ஒவ்வொரு சுகமளிக்கும் கூட்டமாக அழைத்துப்போய் மாதங்கள் கடந்துவிடும். 2001-இல் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். எந்தச் சமயத்தின் நிழலில் நடந்தாலும் அது நமக்கெல்லாம் பாடம். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறையை நாட்டின் முன்னோடிகளில் ஒன்றாகக் கொண்டுவந்த மனநல மையம் வேலூரில், பாகாயத்தில் இருக்கிறது. அங்கே போக வெட்கப்படுகிற குடும்பத்தோடு முதல் தடவை கூடப் போகிற ஒருவர் இருந்தால் அந்த மாதங்கள் மிச்சமாகும். இரவில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416.

உபவாசம்: தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தின் நாற்பது நாள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. இந்த நாட்கள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் வரும், வேலூரில் வெயில் ஏறுகிற நேரம். இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு. மும்மணி ஆராதனையில் ஒருவர் தலை சாய்ந்து உட்கார்ந்தால் ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

அதனால் லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறே சபைச் செவிலியர் சொல்ல வேண்டியவை:

1. உபவாசம் இருக்க நினைக்கும் சர்க்கரை நோயாளிகள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். அன்றைக்கு மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்வார். தாமாகவே மாத்திரையை விட்டுவிடுவதும் ஆபத்து.
2. சிறுநீரக நோயாளி, கர்ப்பிணி, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர் இவர்களுக்கு உணவை ஒறுப்பதற்குப் பதில் வேறு ஒறுத்தல் உண்டு. டிவியை ஒறுக்கலாம், போனை ஒறுக்கலாம்.
3. தண்ணீர் குடிப்பது உபவாசத்தைக் கெடுக்காது என்று ஆயரே மேடையிலிருந்து சொன்னால் நல்லது.
4. சுகர் 70-க்குக் கீழே போனாலோ, மீட்டர் இல்லாமல் மேற்சொன்ன அறிகுறி தெரிந்தாலோ, அந்த நிமிடமே மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.
5. ஆலயத்தின் பின் பெஞ்சில் ஒரு சர்க்கரை டப்பா, ஒரு ஸ்பூன், ஒரு தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் செலவு.

## ஜெப விண்ணப்பமும் ரகசியமும்

நல்லெண்ணத்திலேயே நடக்கிற தவறு ஒன்று உண்டு. "இன்ன தெருவில் இன்ன சகோதரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, பயாப்சி எடுத்திருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி. இருநூறு பேருக்குப் போய்விடுகிறது. அந்தச் சகோதரியின் மாமியாருக்கே அது வரைக்கும் தெரிந்திருக்காது.

நர்ஸ் சபையில் இருக்கும்போதும் தொழில் ரகசியம் அவரோடு இருக்கிறது. ஆராதனை மண்டபம் என்பதால் அது தளராது. எச்.ஐ.வி. விஷயத்தில் இது சட்டமே: 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி நம்பிக்கையில் சொன்ன ஒருவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது வேலூர் ஆய்வகத்தில்தான். இந்த ஊருக்கு அதன் வெட்கமும் ஒதுக்கலும் எப்படிப்பட்டவை என்று நன்றாகவே தெரியும்.

நடைமுறையில் ஒரு விதி போதும். ஜெப விண்ணப்பத்தில் பெயர் வரலாம், நோய் வரக் கூடாது. அந்தப் பெயரும் சம்பந்தப்பட்டவர் சரி என்று சொன்ன பிறகுதான். ஆயருக்கும் இது பொருந்தும். "ஐயாவிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நர்ஸ் ஆயரிடம் சொல்ல வேண்டும்.

## சட்டம் போடும் வேலி

1. பதிவு. பொறுப்பில் இருப்பவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்" என்ற அடையாளம் போதாது.
2. மருந்து. எழுதித் தருவதும் அளவை மாற்றுவதும் டாக்டரின் உரிமை. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை எல்லாச் சபையிலும் யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்.
3. இடம். மண்டபத்தில் கட்டில் போட்டு டிரிப் ஏற்ற ஆரம்பித்தால் அது மருத்துவ நிறுவனம். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவைப்படும்.
4. ஊசிக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். விரலில் குத்தும் லான்செட் ஒருவருக்கு ஒன்றுதான். பயன்படுத்தியது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போய், கழிவை முறையாக அப்புறப்படுத்தும் ஆஸ்பத்திரியிடம் சேர வேண்டும். கோயில் குப்பைத்தொட்டியில் போட்டால் மறுநாள் காலை அது துப்புரவுப் பணியாளரின் கையில் ஏறும்.
5. விளம்பரம். "சர்க்கரை நோய்க்கு விடுதலை" என்று மருந்தோ எண்ணெயோ பெயர் சொல்லி நோட்டீஸ் அடித்தால் 1954-ஆம் ஆண்டின் மாந்திரிக மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதில் பட்டியலிட்ட நோய்களில் நீரிழிவும் உண்டு.
6. விற்பனை. சட்டத்தில் நேரடியாக இல்லாவிட்டாலும் இதையும் சேர்க்கிறேன். சத்துமாவு, எடை குறைக்கும் பவுடர் ஏஜென்சி எடுத்தவர் இந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. எந்த ஆய்வகத்திடமும் கமிஷன் கூடாது.

## யாருக்கு, யார் செலவில்

சபைக்குள் மட்டுமா என்ற கேள்வி சீக்கிரமே வரும். பி.பி. மேஜை வாசல் பக்கம் இருந்தால் எதிர்வீட்டு அண்ணாச்சியும் வருவார், பூ விற்கும் அம்மாவும் வருவார். வரட்டும். ஆனால் வந்தவர் கேட்காமல் அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பதோ, துண்டுப்பிரசுரம் கொடுப்பதோ கூடாது. நோயில் இருப்பவர் பலவீனமாக இருப்பார். அந்த நேரத்தில் மதம் பேசுவது அவருடைய நம்பிக்கையை அவமதிப்பது. அதோடு, உண்மையான உதவியையும் ஊர் சந்தேகிக்கும்படி ஆகிவிடும்.

அடுத்தது பணம். சபைகளில் பெண்கள் செய்யும் வேலைக்குக் "கர்த்தர் பலன் தருவார்" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் நீண்டது. ரிட்டயர்டு சிஸ்டருக்கும் முழங்கால் வலி உண்டு, ஆட்டோ செலவு உண்டு. வாரம் இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வைத்து, ஒரு மதிப்பூதியமும் போக்குவரத்துச் செலவும் கமிட்டி ஒதுக்குவதுதான் நியாயம். நேரம் வரையறுக்காவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் போன் வரும், ஒரு வருஷத்தில் அவரே நோயாளியாகிவிடுவார். மருத்துவ விஷயத்தில் அவர் கலந்து பேச ஒரு டாக்டர் வேண்டும். நிர்வாக விஷயத்தில் ஆயரும் கமிட்டியும். மருத்துவ முடிவில் கமிட்டி தலையிட முடியாது என்பதையும் ஆரம்பத்திலேயே தீர்மானத்தில் எழுதிவிடுவது நல்லது.

கடைசியாக, அந்த நோட்டு. யாருக்கு எவ்வளவு பி.பி., எந்த வீட்டில் எந்த நோய் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பாஸ்டரேட் அலுவலகத்தின் திறந்த அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தில் அது இருக்கக் கூடாது. தனிப் பூட்டு, சாவி நர்ஸிடம். அளவுகளை அவரவருக்கே ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால் நோட்டில் எழுத வேண்டியதும் பாதியாகக் குறையும், அட்டையை எடுத்துக்கொண்டு அவர் எந்த டாக்டரிடமும் போகலாம். ஆயர் மாறுதலாகிப் போனாலும், கமிட்டி தேர்தலில் ஆட்கள் மாறினாலும் சாவி கைமாறாது. நர்ஸ் விலகினால், அடுத்து வரும் பதிவு பெற்ற நர்ஸிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். அப்படி யாரும் வரவில்லை என்றால், ஒவ்வொருவரிடமும் அவரவர் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும்.